பூங்கோ என்ற புள்ளி

கிருஷ்ணராஜுக்கு அந்தக் காற்றாலைக் கம்பெனியில் வேலை கிடைத்ததே ஆடுகளால்தான். கயத்தாறுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே உள்ள பெருமாள்பட்டியில் அவன் குடும்பத்துக்கு ஆடு மேய்ப்பதும் ஊர் ஊராகப் போய் எருவுக்காக வயலில் கிடை போடுவதும்தான் தொழில். தொண்ணூற்றாறில் காற்றாலைக்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கியபோது, மழை பெய்தால் எந்தக் கரிசலில் லாரி புதையும், எந்த ஓடைக்கு எந்தப் பக்கம் பாதை என்று காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. கிருஷ்ணராஜ் பத்தாவது வரை படித்தவன், அதிகம் பேசாதவன். அவனையே வைத்துக்கொண்டார்கள். முதலில் நிலம் அளப்பவர்களுக்குக் கம்பு பிடித்தான், எல்லைக்கல் நட்டான். அடுத்த வருடம் அவன் கையில் ஒரு ஜிபிஎஸ் கருவியைக் கொடுத்தார்கள்.

உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கருவி. திறந்த வெளியில் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றால் அது வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடித்து, நாம் நிற்கும் இடத்தை எண்களாகக் காட்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த இடத்தைப் புள்ளியாக நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு எப்போது கேட்டாலும் அம்புக்குறி போட்டுத் திரும்பக் கூட்டிப்போகும். திரையின் ஓரத்தில் துல்லியம் என்று இன்னொரு சின்ன எண்ணும் இருக்கும். இருபது மீட்டர், பதினெட்டு மீட்டர் என்று. அந்த எண் எவ்வளவு சிறிதோ அவ்வளவு சரியான இடம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கிருஷ்ணராஜ் அதை அப்படியே நம்பினான். நம்பாமல் இருக்க அவனுக்குக் காரணம் எதுவும் இல்லை.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் அவன் மகள் இறந்தாள். பூங்கொடி என்று பெயர். அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் வெட்டு வந்து கைகால் இழுத்தது. அவன் மனைவி செண்பகவல்லி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டி பஸ் ஏறினாள். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. சாலையோரம் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் பிள்ளையோடு திரும்பி வந்தாள். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லையாம். அதை மட்டும் அவள் பிறகு பல தடவை சொன்னாள்.

காட்டில் வேலையாக இருந்தவனைத் தம்பி மாயகிருஷ்ணன் சைக்கிளில் வந்து கூட்டிப்போனான். சின்னப் பிள்ளை என்பதால் தகனம் இல்லை. பெண்கள் கூட வருவதும் வழக்கம் இல்லை. ஊருக்கு மேற்கே ஓடைக்கரையில், ஓர் உடைமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மாயகிருஷ்ணன்தான் குழி வெட்டினான். மழை பெய்திருந்ததால் மண்வெட்டியில் கரிசல் அப்பிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று அதை வழித்துப்போட வேண்டியிருந்தது. மூடி முடித்து, நரி தோண்டாமல் இருக்க மேலே முள் வெட்டிப் போட்டார்கள். எல்லாரும் கை கழுவ ஓடைக்கு இறங்கியபோது கிருஷ்ணராஜ் மட்டும் மேலேயே நின்றான். வேலை நடந்த இடத்திலிருந்து நேராக வந்திருந்ததால் கருவி கால்சட்டைப் பையில் இருந்தது. எடுத்து ஆன் செய்தான். செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாக வந்தன. துல்லியம் இருபத்திரண்டு மீட்டர் என்று காட்டியது. பொத்தானை அழுத்தினான்.

ஏன் அழுத்தினான் என்று அவனுக்குத் தெரியவில்லை. அழுகை வரவில்லை. கை வேலைக்குப் பழகியிருந்தது, செய்துவிட்டது.

பெயர் வைக்க அந்தக் கருவியில் ஆறு ஆங்கில எழுத்துக்குத்தான் இடம். மறுவாரம் வேலைக்குப் போனபோது எழுத்தை ஒவ்வொன்றாக உருட்டி உருட்டி வைத்தான். பூங்கோ வரை வந்தது. மிச்சத்துக்கு இடமில்லை.

செண்பகவல்லி ஒருநாள் கேட்டாள். "எங்கன வச்சீங்க?"

"ஓடைப் பக்கம்."

"ஓடைப் பக்கம்னா?"

"ஓடைப் பக்கந்தான்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கருவியில் புள்ளி இருப்பதை அவனும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கும் வழி அவனுக்குத் தெரியாமல் போனது. இருவரும் சாப்பிட்டார்கள், ஆட்டுக்குத் தண்ணி காட்டினார்கள், பொங்கலுக்குத் துணி எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், பரவாயில்லையே, தேறிக்கொண்டார்களே என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் கம்பெனி அந்தப் பக்கம் நிலங்களை வாங்கிப் பாதை போட்டது. புல்டோசர் வேலிக்கருவையையும் உடைமரங்களையும் சேர்த்துத் தள்ளியது. அந்தக் கார்த்திகையில் ஓடை கரை மீறி ஓடி, தள்ளிய மண்ணையும் முள்ளையும் இழுத்துப் போட்டுவிட்டுப் போனது. வெயில் வந்ததும் கரிசல் பாளம் பாளமாக வெடித்தது. எல்லா இடமும் ஒன்றுபோலக் கிடந்தது. கிருஷ்ணராஜ் போய்ப் பார்த்தான். கண்ணுக்கு ஓர் அடையாளமும் இல்லை. சரி, கருவி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாயிரமாவது வருடத்துக் கோடையில் கருவி திடீரென்று ஒழுங்காகிவிட்டது. அதற்கு முன்னெல்லாம் அதை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தால்கூட, கயிற்றில் கட்டிய ஆடு மாதிரி எண்கள் இங்கேயும் அங்கேயும் அலையும். இப்போது வைத்த இடத்தில் நின்றது. துல்லியம் ஏழு, எட்டு மீட்டர் என்று காட்டியது. அதன் பிறகு, அந்தப் பக்கம் வேலை வரும்போதெல்லாம் அவன் பூங்கோவைத் தேர்ந்தெடுத்து அம்புக்குறி போன வழியில் போவான். அது ஒவ்வொரு தடவையும் அவனை ஏறக்குறைய ஒரே இடத்துக்குக் கூட்டிப்போனது. அங்கே நிற்பான். சில நாள் உட்கார்ந்து சோற்றுத் தூக்கைத் திறப்பான். மனசில் எதுவும் வராது. வர வேண்டும் என்று அவன் எதிர்பார்க்கவும் இல்லை. பிறகு எழுந்து வேலைக்குப் போய்விடுவான்.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் பாலகணேஷ். பழைய கருவிகளில் உள்ள புள்ளிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை அவனுடையது. ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டான்.

"அண்ணாச்சி, இதுல பூங்கோன்னு ஒண்ணு கெடக்கே. எந்த டவரு?"

"டவரு இல்ல."

"பொறவு?"

கிருஷ்ணராஜ் வாயில் வந்ததைச் சொன்னான். "கெணறு. பாழுங்கெணறு. மூடியாச்சு."

"கெணறா? அப்ப முக்கியம்லா" என்று பாலகணேஷ் வரைபடத்தில் ஒரு நீல வட்டம் போட்டுவிட்டான்.

அந்த நீல வட்டம்தான் இரண்டாயிரத்து மூன்றில் வினையாக வந்தது. ஓடைக்கரை நிலத்தில் புதிதாகக் காற்றாலை டவர்கள் நட முடிவானது. சைட் இன்ஜினியராக வந்தவள் உமாதேவி. புதியம்புத்தூர்க்காரி. அப்பா அம்மா இருவரும் ரெடிமேட் தையலில் உட்கார்ந்து படிக்கவைத்த பெண். தொப்பியைக் கழற்றாமல் வெயிலில் நாள் பூராவும் நிற்பாள். யாரையும் ஏலே என்று கூப்பிட மாட்டாள். ஒரு டவருக்கு அடித்திருந்த முளையிலிருந்து முப்பது மீட்டரில் நீல வட்டம் இருப்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டு கிருஷ்ணராஜைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இந்தக் கெணறு எவ்வளவு ஆழம்?"

"தெரியாது மேடம்."

"யாரு மூடினது?"

"நாங்கதான்."

"எதை வச்சு மூடினீங்க? கல்லா, மண்ணா?"

"மண்ணுதான்."

அவள் யோசித்தாள். மூடிய கிணற்றின் மேல் டவர் உட்கார்ந்தால் ஒரு பக்கம் இறங்கிச் சாய்ந்துவிடும். முப்பது மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது என்றாலும் அந்த எண்ணை நம்ப முடியாது. கிணறு எங்கே என்று தெரிந்தால்தான் கான்கிரீட் போடமுடியும். "முளையைச் சுத்தி நாலஞ்சு எடத்துல சோதனைக்குழி எடுத்துப் பார்த்துரலாம். கெணறு மண்ணு தனியா தெரியும்" என்றாள்.

"சரி மேடம்" என்றான் கிருஷ்ணராஜ்.

சொன்னதோடு இல்லாமல், மறுநாள் காலையில் சுண்ணாம்புப் பொடி மூட்டையைத் தோளில் தூக்கிவந்து, தோண்ட வேண்டிய இடங்களில் அவனே கோடும் போட்டான். கோடு நேராக வந்தது. பொக்லைன் ஓட்டும் கருத்தப்பாண்டி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, நீண்ட கையைத் தூக்கினான். பல் வைத்த அதன் வாய் முதல் கோட்டின் மேல் இறங்க இருந்தது. அப்போதுதான் கிருஷ்ணராஜ் பேசினான். சத்தமாகக்கூட இல்லை.

"மேடம், அது கெணறு இல்ல."

"பொறவு என்ன?"

"எம் பிள்ளை."

உமாதேவிக்கு முதலில் விளங்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. பிறகு கையை உயர்த்தி வண்டியை நிறுத்தச் சொன்னாள். என்ஜின் நின்றதும் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் நான்கைந்து வாக்கியங்களில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். கண்டக்டர் டிக்கெட் கேட்காதது வரைக்கும்.

அவள் சுண்ணாம்பு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி. சோதனைக்குழி எல்லாம் வேண்டாம்" என்றாள்.

"அஸ்திவாரக் குழி இங்கன முளைகிட்டதான மேடம்? அவ இருக்கது முப்பது மீட்டர் தள்ளி. மெசின் ஏழு மீட்டர்தான் தப்புங்குது. குழி அவமேல படாது. நீங்க வேலையப் பாருங்க."

அவள் அத்தோடு விட்டிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போயிருந்தால் கிருஷ்ணராஜ் பழையபடி இருந்திருப்பான். ஆனால் அவளால் அப்படிப் போக முடியவில்லை.

"அண்ணாச்சி, இந்த ஏழுன்னா என்னன்னு நெனச்சிருக்கீங்க?"

"ஏழு மீட்டருக்குள்ள இருக்கும்னு."

"அதுதான் இல்ல. பத்துத் தடவை அளந்தா அஞ்சு தடவை ஏழுக்குள்ள இருக்கும். மிச்சம் அஞ்சு தடவை ஏழைத் தாண்டி இருக்கும். பாதிக்குப் பாதிதான் அது. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு தடவை சரியா இருக்கணும்னா அதை ரெண்டால பெருக்கிக்கணும். பதினாலு, பதினஞ்சு மீட்டர். அப்பவும் நூத்துல அஞ்சு வெளிய போயிரும். முழு உத்தரவாதம்னு ஒரு நம்பரை எந்த மெசினும் தராது."

"சரி. பதினஞ்சுன்னே வச்சிக்கிட்டாலும் முப்பது வரலையே."

உமாதேவி கருவியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த ஏழு இன்னைக்கு உள்ள ஏழு. நீங்க இன்னைக்கு நிக்குற எடத்துக்குத்தான் இது. நீங்க பாயிண்ட் எடுத்தது தொண்ணூத்தெட்டுல. அப்ப அமெரிக்காக்காரன் நம்மள மாதிரி ஆளுகளுக்கு வார சிக்னல்ல வேணும்னே தப்பைக் கலந்து விட்டுக்கிட்டு இருந்தான். இரண்டாயிரத்துலதான் நிறுத்தினான். அதனாலதான் பொறவு மெசின் ஆடாம நின்னுச்சு. பழைய பாயிண்டுல அந்தத் தப்பு அப்படியே இருக்கு."

"அன்னைக்கு இருபத்திரெண்டுன்னு காட்டுச்சே."

"அவன் கலந்த தப்பு மெசினுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத் தெரிஞ்சதை வச்சுச் சொல்லிருக்கு. நெசத்துல நூறு மீட்டர்னு வச்சிக்கிடணும். அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ."

கிருஷ்ணராஜ் அந்தக் காட்டைப் பார்த்தான். நூறு மீட்டர் என்றால் ஓடை, பாதை, முளை, பொக்லைன், அவர்கள் நிற்கும் இடம் எல்லாம் அதற்குள் அடங்கும். மூன்று வருடமாக அவன் சோறு தின்ற இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆனது. இதற்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தான். உதட்டில் சுண்ணாம்புப் பொடி கரிப்பது மட்டும் தெரிந்தது.

"அப்ப இந்தக் குழிக்குள்ளயும் இருக்கலாமா?"

"இருக்கலாம். நூத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான். குழி சின்னது, வட்டம் பெருசு. ஆனா இல்லவே இல்லன்னு என்னால சொல்ல முடியாது. டவரை ஒரு பதினஞ்சு மீட்டர் நகத்தலாம், நான் எழுதி வாங்குதேன். அதுக்கு மேல போனா அடுத்த டவருக்கு வார காத்தை இது மறிச்சிரும். நகத்தினா ரெண்டு ஒண்ணாகும். சைபர் ஆகாது."

"வீட்ல கேட்டுட்டு வாரேன்" என்றான்.

சாயங்காலம் செண்பகவல்லி ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தாள். அவன் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னான். புள்ளி எடுத்தது, கிணறு என்று சொன்னது, டவர், நூறு மீட்டர், நூற்றுக்கு இரண்டு. அவள் கை வேலையை நிறுத்தாமல் கேட்டாள். கடைசி ஆடு உள்ளே போனதும் படலைச் சாத்திக் கயிற்றைக் கட்டினாள்.

"அஞ்சு வருசமா அவ இருக்க எடத்துக்கு நம்பர் வச்சிருந்திருக்கீங்க."

"ஆமா."

"போயிப் போயிப் பாத்திருக்கீங்க."

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத் தோணல செண்பகம்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் நல்லது என்றுகூட நினைத்தான். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "இப்ப அந்த நம்பரும் சரியில்லைங்குதாக" என்றாள்.

"ஆமா."

"காலைல நானும் வாரேன்."

மறுநாள் வந்தாள். வந்ததும் அவன் பக்கம் திரும்பாமல் நேராக உமாதேவியிடம் போனாள். "தாயி, அந்த வட்டம் எம்புட்டுப் பெருசு? எனக்குக் காட்டு" என்றாள். உமாதேவி கருவியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள். பூங்கோ புள்ளியை நடுவில் வைத்து, கருவி நூறு மீட்டர் காட்டும் தூரத்திலேயே சுற்றி வந்தார்கள். செண்பகவல்லி பின்னாலேயே நடந்தாள், வெடிப்புகளில் கால் வைக்காமல் தாண்டித் தாண்டி. பாதையைக் கடந்து, ஓடையில் இறங்கி ஏறி, சுற்றி முடித்து வந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"டவரை நகத்தணுமா அம்மா?" என்று உமாதேவி கேட்டாள்.

"எங்கன நகத்தினாலும் ஏதோ ஒண்ணு சொல்லுவீக. அங்கனயே நடுங்க. தோண்டும்போது நான் பாக்கணும். அவ்வளவுதான்."

அந்த மாதிரி இடத்தில் பெண்பிள்ளை வந்து உட்காருவது கருத்தப்பாண்டிக்குப் பிடிக்கவில்லை. "அண்ணாச்சி, அவியள வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. எனக்குக் கை ஓடாது" என்று முனகினான். செண்பகவல்லி குழியின் ஓரத்தில், மண் கொட்டும் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். உமாதேவி அவளுக்குத் தன் தொப்பியைக் கொடுத்தாள். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், போட்டுக்கொள்ளவில்லை.

வண்டி வாய் நிறைய கரிசலை அள்ளிவந்து கொட்டும். அவள் எழுந்து போய் ஒரு குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு வந்து உட்காருவாள். அடுத்த வாய் வரும். முதலில் கருத்தப்பாண்டி வழக்கமான வேகத்தில்தான் அள்ளினான். கொஞ்ச நேரம் போனதும் அவனாகவே வேகத்தைக் குறைத்தான். வாயைத் தரைக்கு அருகில் இறக்கி, மெல்லக் கவிழ்த்தான். அவள் பார்த்து முடித்து நகரும் வரை அடுத்த வாய்க்கு வண்டியைத் திருப்பவில்லை. வேர் வந்தது. நத்தை ஓடுகள் வந்தன. ஒரு தடவை வெள்ளையாக ஏதோ தெரிந்து கிருஷ்ணராஜ் இரண்டு எட்டு முன்னால் போனான். அவள் அதைக் குச்சியால் தட்டினாள். எலும்பு இல்லை, சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல். மதியத்துக்குப் பிறகு கரிசல் தீர்ந்து, அடியில் உள்ள மஞ்சள் சுக்கான் தட்டு முழுதாகத் தெரிந்தது. அதற்குக் கீழே யாரும் எதையும் புதைத்திருக்க முடியாது.

செண்பகவல்லி குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "இங்கன இல்ல" என்றாள்.

உமாதேவி தலையை ஆட்டினாள். மண்ணோடு மண்ணாகக் கலந்துபோயிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. செண்பகவல்லி தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆடு கத்தும் என்று வீட்டுக்கு நடந்தாள். கிருஷ்ணராஜ் வேலை முடியும் வரை இருந்துவிட்டுப் போனான். அன்றைக்கு வீட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். மறுசோறு வைக்க எடுத்த கரண்டியோடு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணராஜ் கரண்டியை வாங்கித் தானே போட்டுக்கொண்டான்.

வரைபடத்தில் இருந்த நீல வட்டத்தை பாலகணேஷ் அழித்தான். அந்த இடத்தில் நூறு மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, அதற்குள் கேபிள் பள்ளம் போகக் கூடாது என்று உமாதேவி குறித்துக் கொடுத்தாள். காரணம் எழுதவில்லை. கேபிள் சுற்றிக்கொண்டு போனது. டவர் மட்டும் உள்ளே நின்றது. அடுத்த வருடம் அவள் வேறு சைட்டுக்கு மாற்றலாகிப் போனாள். போகும்போது கிருஷ்ணராஜிடம், "அன்னைக்கு நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோ அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். "தெரியல மேடம்" என்றான். அது உண்மை. அவளும் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டாள்.

அவன் அந்தப் புள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான். பெரிய கருவி, சின்னக் கருவி எல்லாம் அவன் கை வழியாக வந்து போயின. புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் திரையில் துல்லியம் மூன்று மீட்டர் என்று பெருமையாகக் காட்டினால், "அதை ஆறுன்னு எடுத்துக்கோங்க" என்பான். மேலே விளக்க மாட்டான். இரண்டாயிரத்து ஐந்தில் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். ஊர் அதைப் பெரிதாகப் பேசியது. கிருஷ்ணராஜ் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தான்.

கம்பெனி நிலத்தில் டவருக்குக் கீழே ஆடு மேய்க்க யாரும் தடை சொல்வதில்லை. செண்பகவல்லி தினமும் ஆடுகளை அங்கேதான் ஓட்டிப்போகிறாள். அந்த நூறு மீட்டருக்குள்ளேயே ஒரு நாள் ஒரு மூலையில், மறுநாள் வேறு மூலையில். ஊருக்குக் கிழக்கே குளத்தடியில் இதைவிட நல்ல மேய்ச்சல் உண்டு. வேலையாக அந்தப் பக்கம் வந்த கிருஷ்ணராஜ் ஒரு தடவை கேட்டுவிட்டான்.

"ஏன் இம்புட்டுத் தூரம் ஓட்டிட்டு வாரே?"

"இங்கன புல்லு இருக்கு" என்றாள்.

புல் ஒன்றும் அவ்வளவாக இல்லை. அவன் சரி என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.